வாயு என்று வீட்டிலேயே முடிவு கட்டாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நெஞ்சில் வாயு பிடித்தால் என்ன செய்யலாம் என்று உங்கள் மருத்துவப் பகுதியில் போட்டிருந்தீர்கள். ஓமத் தண்ணீர், பெருங்காயம் போட்ட மோர் எல்லாம் சரி, எங்கள் வீட்டிலும் அதுதான் கைமருந்து. ஆனால் அது வாயுதான் என்று யார் முடிவு செய்வது? அதற்கு ஒரு வரிகூட இல்லையே.

போன மாதம் என் கணவர் கடை அடைத்துவிட்டு இரவு பத்தரைக்கு வந்து, பரோட்டா சாப்பிட்ட கையோடு படுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் நடுநெஞ்சில் எரிச்சல், அப்புறம் இறுக்கிப் பிடிக்கிற மாதிரி வலி, சட்டை நனைய வியர்வை. "கேஸ்தான், சோடா குடித்தால் ஏப்பம் வந்துவிடும்" என்றார் மாமியார். நான் கேட்காமல் ஆட்டோ பிடித்தேன்.

ஈசிஜி நன்றாகத்தான் இருந்தது. அதோடு விடாமல் ரத்தத்தில் ட்ரோபோனின் (இதயத் தசை பாதிக்கப்பட்டால் கூடும் ஒரு புரதம்) பார்த்தார்கள், சில மணி நேரம் கழித்து மறுபடியும் பார்த்தார்கள். விடிந்த பிறகுதான், இதயத்தில் கோளாறில்லை, இரைப்பை அமிலம் உணவுக்குழாய்க்கு ஏறி வந்த வலி என்றார் டாக்டர். உணவுக்குழாய் இதயத்துக்குப் பின்னாலேயே இறங்குகிறது, இரண்டின் வலியும் ஏறக்குறைய ஒரே நரம்பு வழியில் போவதால் எது என்று நமக்குப் பிரித்துத் தெரியாதாம். குனிந்தால், படுத்தால் கூடுவதும் தொண்டைக்குப் புளித்து வருவதும் அமிலத்தின் குணம். படி ஏறினால் கூடுவது, கை, தாடைக்குப் பரவுவது இதயத்தின் குணம். ஆனால் பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் மாரடைப்பே அஜீரணம் மாதிரி வரலாம். ஜெலுசில் குடித்து வலி குறைந்தாலும் அதை நம்பி இருந்துவிடக் கூடாது என்றார்.

"வெறும் கேஸுக்கு இவ்வளவு செலவா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் இதே வலிக்குச் சோடா குடித்துவிட்டுத் திண்ணையில் படுத்தார், எழுந்திருக்கவே இல்லை. பாதி குடித்த பாட்டில் தூணோரம் அப்படியே இருந்ததை நான் பார்த்தேன். கேட்டவர்களுக்கு அதைத்தான் சொன்னேன்.

இப்போது எட்டு மணிக்கே கடைக்கு இட்லி கொடுத்தனுப்பிவிடுகிறேன், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் காலுக்கொரு செங்கல் வைத்திருக்கிறோம். எரிச்சல் வெகுவாகக் குறைந்திருக்கிறது.

108-க்குப் போன் செய்தால் வண்டி வருகிறது. 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். இதெல்லாம் எத்தனை வீடுகளுக்குத் தெரியும்? அடுத்த முறை கைமருந்து போடும்போது, டாக்டர் பரிசோதித்து இதயத்தில் கோளாறில்லை என்று சொன்ன பிறகு என்பதை முதல் வரியாகப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மணப்பாறை