சம்பாரணிலிருந்து திரும்பியபின் ஒரு கடிதம்

அன்புள்ள சண்முகம்,

நலம். உன் இரண்டு கடிதங்களுக்கும் நான் பதில் எழுதவில்லை என்று அக்காவிடம் நீ முறையிட்டது நியாயந்தான். பீகாரில் ஒரு தொண்டு நிறுவனம் மாலைதோறும் நடத்தும் வாசிப்பு வகுப்புகளால் பிள்ளைகளுக்குப் பயன் உண்டா என்று மதிப்பிடும் வேலையில் மூன்று மாதமாக மூழ்கிவிட்டேன். மேற்குச் சம்பாரணில் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியிடம் இரண்டாம் வகுப்புக் கதையை நீட்டினேன். ஓர் எழுத்தும் தெரியாத அவள், படத்தைப் பார்த்துத் தானாகவே ஒரு கதையைக் கட்டிச் சொன்னாள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

"வாத்தியார் சரியில்லை" என்பாய். மூன்றாம் பெஞ்சிலிருந்தே உனக்கு அதுதானே பல்லவி! ஆனால் அதே மாவட்டத்தில் 2008 ஜூனில், கல்விப் பணி செய்யும் பிரதம் அமைப்பின் பயிற்சியோடு அரசுப் பள்ளி ஆசிரியர்களே கோடை முகாம் நடத்தியபோது, ஒரே மாதத்தில் பிள்ளைகளின் வாசிப்பு முன்னேறியது. பள்ளி நாட்களிலோ, பயிற்சியும் பாடப்பொருள்களும் கொடுத்தும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. ஆசிரியருக்குக் கற்பிக்கத் தெரியாமல் இல்லை. பாடத்திட்டத்தை முடிக்கும் ஓட்டத்தில், பின்தங்கிய பிள்ளையின் நிலைக்கு இறங்கிவர அவருக்கு நேரம் கிடைப்பதில்லை என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

இப்போது நிறுவனத்தாரோடு எனக்குப் பெரிய வாக்குவாதம். ஒழுங்காக வந்த பிள்ளைகளை மட்டும் சோதித்தால் போதும் என்கிறார்கள். நாள் தவறாமல் வருவது பெரும்பாலும் வீட்டில் அக்கறை உள்ள பிள்ளை; அதன் முன்னேற்றம் முழுவதையும் வகுப்பின் கணக்கில் எப்படி எழுதுவது? உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் கிராமங்களில் தன்னார்வலர் நடத்திய வகுப்புகளுக்கு வந்த, வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் நன்றாகத் தேறினார்கள். ஆனால் வந்தவர்களோ ஊர்ப் பிள்ளைகளில் நூற்றில் 8 பேர்தான். வராதவர்களை விட்டுவிட்டால் இந்த உண்மையே மறைந்துபோகும். ஆகவே கிராமங்களை வகுப்பு நடக்கும் ஊர், நடக்காத ஊர் என்று குலுக்கல் முறையில் பிரித்து, வந்தவர் வராதவர் எல்லோரையும் சோதிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறேன்.

ஓராண்டு கழித்து மறுபடியும் சோதிக்க வேண்டும் என்கிறேன். அதற்குப் பணமில்லை என்கிறார்கள். வதோதராவிலும் மும்பையிலும் உள்ளூர்ப் பெண்கள் 15, 20 பிள்ளைகளை நாள்தோறும் இரண்டு மணி நேரம் தனியே அமர்த்திக் கற்பித்த 'பால்சகி' திட்டத்தின் பயனில் பெரும்பகுதி, திட்டம் முடிந்து ஓராண்டிலேயே கரைந்துவிட்டது. இதை அறிந்த பிறகு நான் எப்படி விட்டுக்கொடுப்பேன்?

எத்தனை கிராமங்கள் எடுத்தால் கணக்கு நிற்கும் என்பதில் மட்டும் எனக்குத் தயக்கம். புள்ளியியல் உன் துறை. கணக்குத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். பத்தாம் தேதிக்குள் பார்த்து அனுப்பு.

அன்புடன்,
ராமு