மூலிகைக் கருப்பு ஹென்னா: தமிழ்த் தாளில் விட்டுப்போன 48 மணி நேரம்

ஈசூன், சிங்கப்பூர்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: உங்கள் மூலிகைக் கருப்பு ஹென்னா தூளால் ஏற்பட்ட ஒவ்வாமை, தமிழ்ச் செய்முறைத் தாளில் உள்ள பிழை

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையார் அவர்களுக்கு,

வணக்கம். இந்தப் புகாரைத் தமிழிலேயே எழுதுகிறேன். உங்கள் பெட்டியின் முன்பக்கத்தில் "மூலிகை", "அம்மோனியா இல்லை", "சென்சிட்டிவ் தலைக்கும் ஏற்றது" என்று தமிழில்தான் போட்டிருக்கிறீர்கள். உள்ளே மடித்து வைத்திருந்த தாளும் தமிழ்தான். அதனால் உங்கள் அலுவலகத்தில் தமிழ் படிப்பவர் ஒருவராவது இருப்பார் என்று நம்புகிறேன். போனில் இரண்டு முறை பேசிவிட்டேன். இரண்டு முறையும் "நோட் பண்ணிக்கிட்டோம் மேடம்" என்றார்கள். என்ன நோட் பண்ணினார்கள் என்று தெரியாததால் நானே எழுதி அனுப்புகிறேன்.

எனக்கு 53 வயது. சிறுவயதில் எக்ஸிமா என்ற தோல் அரிப்பு நோய் இருந்தது. உடம்பில் அது போய்விட்டது, தலைத்தோலில் மட்டும் மிச்சம் இருக்கிறது. ஷாம்பு மாற்றினால் அரிக்கும், வெயிலில் நடந்தால் அரிக்கும். எனவே கண்ட சாயத்தையும் தலையில் வைக்கிற ஆள் நான் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து மாமியார் தாழ்வாரத்துத் தொட்டியில் வளர்த்த மருதாணியை அரைத்துத்தான் போட்டு வந்தேன். எதிர்வீட்டு மலாய் அம்மாவும் அதே செடியில் பறித்துப் போவார். அவர் இனாய் என்பார், நாங்கள் மருதாணி என்போம். இரண்டு மணி நேரம், சில நாள் மூன்று மணி நேரம், தலையில் பிளாஸ்டிக் உறையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அப்புறமும் நரை கருப்பாகாது, செம்பட்டையாகும். என் மகள் அதை "ஆரஞ்சு" என்று கிண்டல் செய்வாள். தலை மட்டும் ஒருநாளும் அரித்ததில்லை.

சென்ற மாதம் அண்ணன் மகனுக்குக் கல்யாணம். படங்களில் ஆரஞ்சுத் தலையோடு நிற்க வேண்டாம் என்று தோன்றியது. லிட்டில் இந்தியாவில், தேக்காவில் ஒரு கடையில் உங்கள் பெட்டியைப் பார்த்தேன். ஆறு பாக்கெட், 6 வெள்ளி 90 காசு. நான் அதை எடுத்ததற்குக் காரணம் விலை இல்லை, முன்பக்கத்தில் இருந்த அந்த மூன்றாவது வாசகம்.

என் தலையைப் பற்றி எனக்குத் தெரியும் என்பதால் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். இரண்டு நாள் தலை குளிக்கவில்லை. தலையில் ஊறும் எண்ணெய்ப் பசை ஓரளவு காப்பு என்பது என் அனுபவம். நெற்றியோரம், காது மடல், பிடரி மூன்றிலும் வாசலின் தடவினேன். கையுறை போட்டேன். தாளில் 30 நிமிடம் என்று இருந்தது, நான் 20 நிமிடத்திலேயே அலசிவிட்டேன். எல்லாவற்றுக்கும் முன்னால், உங்கள் தாளில் சொன்னபடி சோதனையும் செய்தேன். அந்த வரியை அப்படியே எழுதுகிறேன்: "காதுக்குப் பின்னால் சிறிது தடவி அரை மணி நேரம் பார்க்கவும். எரிச்சல் இல்லையெனில் பயன்படுத்தலாம்." வியாழக்கிழமை இரவு சமையலறை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. தலைக்குப் போட்டேன். அலசியபோது முடி நல்ல கருப்பு. எனக்கே கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பதற்கில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் வேலையிடத்தில் வகிட்டில் நமைச்சல் ஆரம்பித்தது. வழக்கமான அரிப்பு என்று விட்டுவிட்டேன். சாயங்காலத்துக்குள் காதுக்குப் பின்னால், நான் சோதனைக்குத் தடவிய அதே இடம், தடித்துச் சிவந்துவிட்டது. சனிக்கிழமை காலை எழுந்தபோது வலது கண் திறக்கவில்லை. இடது கண் பாதி திறந்தது. நெற்றி முழுக்க வீக்கம், காதோரம் சின்னச் சின்னக் கொப்புளங்கள், பிடரியில் நீர் வடிந்து தலையணை உறை மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தது. மகள் என்னைப் பார்த்துவிட்டு ஒரு நிமிடம் பேசவே இல்லை.

கீழே இருக்கும் கிளினிக்கில் டாக்டர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஹேர் டை போட்டீங்களா?" நான் பெருமையாக, "இல்லை டாக்டர், ஹென்னாதான்" என்றேன். அவர் பெட்டியைக் கேட்டார். மகள் மேலே போய் எடுத்து வந்தாள். பின்பக்கத்தில் உங்கள் விநியோகஸ்தரின் பெயரும் விலையும் அச்சிட்ட வெள்ளை ஸ்டிக்கர், எழுத்துகளின் மேலேயே ஒட்டியிருந்தது. டாக்டர் நகத்தால் ஒரு ஓரத்தை உரித்து, "இதோ" என்று காட்டினார். உட்பொருள் பட்டியலில் மருதாணித் தூளுக்கு அடுத்த இரண்டாவது பெயர் பாரா-ஃபினைலீன்டயமின். முடிச்சாயத்தில் கருப்புக்காகச் சேர்க்கும் ரசாயனம், சுருக்கமாகப் பிபிடி என்கிறார்கள். அடுத்து பேரியம் பெராக்சைடு. நெல்லியும் இருந்தது, கடைசியில்.

ஸ்டீராய்டு மாத்திரை, தலைக்கு ஒரு லோஷன், இரண்டு நாள் எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு. ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குப் போனேன். கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மணவறைக்குப் பக்கத்தில் நின்ற அத்தை நான்தான். கேட்டவர்களுக்கெல்லாம் கண் வலி என்று சொன்னேன்.

வீக்கம் வடிந்த பிறகு அந்த ஸ்டிக்கரை ஹேர் டிரையரால் சூடு காட்டி முழுசாக உரித்தேன். அடியில் ஆங்கிலத்தில் எறும்பு மாதிரி எழுத்தில் மூன்று விஷயங்கள் இருந்தன. தலைத்தோல் சென்சிட்டிவாகவோ எரிச்சலாகவோ புண்ணாகவோ இருந்தால் இதைப் பயன்படுத்தாதீர்கள் என்பது ஒன்று. முன்பு "கருப்பு ஹென்னா" டாட்டூ போட்டு ஒவ்வாமை வந்திருந்தால் பயன்படுத்தாதீர்கள் என்பது இன்னொன்று. ஒவ்வொரு முறையும் 48 மணி நேரத்துக்கு முன்பே தோலில் சோதித்துப் பாருங்கள் என்பது மூன்றாவது.

நீங்களே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். முன்பக்கத் தமிழ், சென்சிட்டிவ் தலைக்கு ஏற்றது என்கிறது. பின்பக்க ஆங்கிலம், சென்சிட்டிவ் தலை என்றால் தொடாதே என்கிறது. ஆங்கிலத்தில் 48 மணி நேரம், தமிழில் அரை மணி நேரம். ஒரே பெட்டி!

இந்த வித்தியாசம் ஏதோ அச்சுப்பிழை மாதிரி சின்ன விஷயம் இல்லை. டாக்டர் எனக்குப் புரிய வைத்ததை உங்களுக்குச் சொல்கிறேன், உங்கள் போன் அலுவலருக்கு அது தெரிந்திருக்கவில்லை. பிபிடி தரும் ஒவ்வாமை தாமதமாக வருவது. தொட்ட உடனே எரிவது வேறு வகை. இதில் உடம்பின் நோய் எதிர்ப்புச் செல்கள் அந்தப் பொருளை அடையாளம் கண்டு திரண்டு வர ஒரு நாள், இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள்கூட ஆகும். அரை மணி நேரத்தில் பார்த்தால் அநேகமாக எல்லாருக்கும் "ஒன்றும் இல்லை" என்றுதான் தெரியும். என் காதுக்குப் பின்னால் நான் செய்த சோதனை உண்மையில் வேலை செய்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதில் சொன்னது. உங்கள் தாள் என்னை வியாழக்கிழமை இரவே தலைக்குப் போடச் சொல்லிவிட்டது.

நேர்மையாக ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். டாக்டர், "எப்போதாவது கருப்பு டாட்டூ போட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டபோதுதான் நினைவு வந்தது. 2019இல் குடும்பத்தோடு பாலிக்குப் போயிருந்தபோது கடற்கரையில் ஒரு பெண் மணிக்கட்டில் கொடி போட்டுவிட்டாள். பத்து நிமிடத்தில் கன்னங்கரேல் என்று காய்ந்தது. ஊருக்குத் திரும்பியதும் அந்தக் கொடியின் கோடு பிசகாமல் தடித்து அரித்தது, பல வாரம் சிவப்பாக இருந்தது. மருதாணி கருப்பாகாது என்பது எனக்குத் தெரியும். கருப்பாக வேண்டுமானால் பிபிடி கலக்க வேண்டும், அல்லது அவுரித் தூளை மருதாணிக்கு மேல் போட வேண்டும். அவுரிக்குப் பொறுமை வேண்டும். கடற்கரையில் பத்து நிமிடத்தில் வந்த கருப்பு எது என்று அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. என் உடம்பு பிபிடியைத் தெரிந்துகொண்டது அங்கேதான் என்று டாக்டர் நினைக்கிறார். அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. ஆனால் என்னைப் போன்றவர்களுக்காகத்தான் டாட்டூ பற்றிய அந்த இரண்டாவது எச்சரிக்கையே இருக்கிறது. அதன் மேல் நீங்கள் விலை ஸ்டிக்கரை ஒட்டினீர்கள்.

தோல் சிறப்பு மருத்துவரிடமும் போய் உறுதி செய்துகொண்டேன். முதுகில் வரிசையாக மருந்துப் பட்டைகளை ஒட்டினார்கள். திங்கள்கிழமை ஒட்டி, புதன்கிழமை எடுத்து, வெள்ளிக்கிழமை மறுபடி பார்த்தார்கள். நடுவில் முதுகு நனையக் கூடாது, வியர்க்கவும் கூடாது. சிங்கப்பூர் வெக்கையில் வியர்க்காமல் ஒரு வாரம் இருப்பது எப்படி என்று அவர்களுக்கே தெரியவில்லை, சிரித்தார்கள். பிபிடி ஒட்டிய இடத்தில் மட்டும் தெளிவாகக் கொப்புளம். இனி ஆயுசுக்கும் அது இருக்கும் எந்தச் சாயமும் கூடாது. அதற்குப் பதிலாகச் சில சாயங்களில் சேர்க்கும் டொலுவீன் டையமினும் அதற்கு உறவு என்பதால் அதுவும் வேண்டாம் என்றார்.

உங்கள் போன் அலுவலர் சொன்ன பதில்களையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். "ஆயிரக்கணக்கான பேர் வருஷக்கணக்கா யூஸ் பண்றாங்க" என்றார். இருக்கலாம். வருடக்கணக்காகப் போட்டு ஒன்றும் ஆகாதவர்களுக்கும் ஒருநாள் திடீரென்று வரக்கூடிய ஒவ்வாமை இது. ஒவ்வொரு முறையும் சோதிக்கச் சொல்வதே அதனால்தான். "அம்மோனியா இல்லையே மேடம்" என்றார். அம்மோனியா மூக்கை எரிக்கும், தலையையும் எரிக்கலாம், ஆனால் என் கண்ணை மூடியது அது இல்லை. கடைசியில், "உங்க ஸ்கின்தான் மேடம் சென்சிட்டிவ்" என்றார். ஆமாம், அதனால்தானே அந்தப் பெட்டியை வாங்கினேன்?

பிபிடியே கூடாது என்று நான் சொல்லவில்லை. கருப்புச் சாயத்தில் அது இல்லாமல் பிழைப்பது கஷ்டம் என்று எனக்கும் தெரியும். ஐரோப்பாவில்கூட அதை முழுக்கத் தடை செய்யவில்லை. தலையில் வைக்கும் கலவையில் 2 சதவிகிதத்துக்கு மேல் போகக் கூடாது என்றுதான் வைத்திருக்கிறார்கள். உங்கள் தூளைத் தண்ணீரில் குழைத்த பிறகு எத்தனை சதவிகிதம் வருகிறது என்று பெட்டியில் எங்கும் இல்லை. அதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

தமிழில் எழுத வேண்டும் என்று உங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தேக்காவில் வாங்க வரும் எங்களுக்காக நீங்களாகவே எழுதினீர்கள். என் மாமியார் வயதுக்காரர்கள் ஆங்கிலப் பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். விற்பதற்கு ஆகிற மொழி எச்சரிப்பதற்கும் ஆக வேண்டும்.

நான் கேட்பது இவை. தமிழ்த் தாளில் 48 மணி நேரம் என்று திருத்தி, டாட்டூ எச்சரிக்கையையும் தமிழில் சேருங்கள். "சென்சிட்டிவ் தலைக்கும் ஏற்றது" என்பதை எடுத்துவிடுங்கள். "மூலிகை" இருந்தே ஆக வேண்டும் என்றால், பக்கத்தில் அதே அளவு எழுத்தில் பிபிடி உள்ளது என்றும் இருக்கட்டும். ஸ்டிக்கரை வேறு இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள், பெட்டிக்கு ஆறு பக்கம் இருக்கிறது. இப்போது கடைகளில் இருக்கும் பழைய பெட்டிகளை என்ன செய்யப் போகிறீர்கள் என்றும் சொல்லுங்கள், எனக்கு அதுதான் அவசரம். தீபாவளி வந்தால் நரை மறைக்கிற கூட்டம் இதைத்தான் வாங்கும்.

பணம்: கிளினிக் இரண்டு முறை 64 வெள்ளியும் 52 வெள்ளியும், சிறப்பு மருத்துவரும் சோதனையும் சேர்த்து 170 வெள்ளி 40 காசு, உங்கள் பெட்டி 6 வெள்ளி 90 காசு. மொத்தம் 293 வெள்ளி 30 காசு. கல்யாணப் படங்களுக்கு நான் விலை போடவில்லை.

சுகாதார அறிவியல் ஆணையத்துக்கு இந்தப் பக்கவிளைவைப் பற்றித் தகவல் கொடுத்துவிட்டேன். இங்கே அழகுசாதனப் பொருளை விற்பதற்கு முன் ஆணையத்திடம் அறிவித்தாக வேண்டும், ஆனால் அறிவித்ததாலேயே ஆணையம் சோதித்து ஒப்புக்கொண்டதாக அர்த்தமில்லை என்பதையும் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆகவே, "எங்கள் பொருள் பதிவானது" என்ற பதிலை மட்டும் அனுப்ப வேண்டாம். 14 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் போவேன்.

ரசீது, மருத்துவக் கட்டணச் சீட்டுகள், தமிழ்த் தாளின் நகல், ஸ்டிக்கர் ஒட்டியபடியும் உரித்தபடியும் பெட்டியின் படங்கள், என் முகத்தின் இரண்டு படங்கள் இணைத்திருக்கிறேன். பெயரும் தொடர்பு எண்ணும் ரசீதின் பின்புறம் உள்ளன. மீதி ஐந்து பாக்கெட்டைத் திருப்பி அனுப்பச் சொன்னார் உங்கள் அலுவலர். அனுப்பவில்லை. ஆணையம் கேட்டால் கொடுப்பதற்காக, யார் கையும் எட்டாத மேல் அலமாரியில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஈசூனிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்