டியூபைக் கிளாம்ப் போட்டு அனுப்பாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தொப்பூர் கணவாய் விபத்துகளில் நெஞ்சில் அடிபட்டவர்களுக்கும், நுரையீரல் அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கும் உள்ளே தேங்கும் காற்றும் ரத்தமும் வெளியேற விலா எலும்புகளுக்கு நடுவே டியூப் போட்டு, தண்ணீர் உள்ள பாட்டிலில் இணைத்திருப்பார்கள். தருமபுரியிலிருந்து சேலத்துக்கோ, ஓசூரிலிருந்து பெங்களூருக்கோ இவர்களை அனுப்பும்போதுதான் கோளாறு நடக்கிறது. வார்டில் ஒழுங்காக இருந்ததை ஸ்ட்ரெச்சரில் ஏற்றும் நேரத்தில் கெடுத்துவிடுகிறோம்.

தூக்குகிறவர் பாட்டிலை நோயாளியின் வயிற்றின் மேலேயே வைத்துவிடுகிறார். நெஞ்சு மட்டத்துக்கு மேலே போனால் வடிந்த ரத்தமும் நீரும் திரும்ப உள்ளே இறங்கும். அதற்குப் பயந்து டியூபைக் கிளாம்ப் போட்டு அடைக்கிறார்கள். இது இன்னும் மோசம். பாட்டிலில் குமிழி வருகிறதென்றால் நுரையீரலிலிருந்து காற்று கசிந்துகொண்டிருக்கிறது. வழியை அடைத்தால் அந்தக் காற்று நெஞ்சுக்குள்ளேயே சேர்ந்து நுரையீரலையும் இதயத்தையும் நெருக்கும். மூச்சு வாங்கும், நாடி எகிறும், ரத்த அழுத்தம் சரியும். ஓடும் ஆம்புலன்ஸில் அதைக் கண்டுபிடிப்பதற்குள் ஆளே போய்விடலாம். பாட்டில் மாற்றும் சில நொடிகளுக்கும், டாக்டர் சொல்லும் நேரத்துக்கும் தவிர கிளாம்ப் வேண்டாம்.

பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழே, நிமிர்ந்து இருக்க வேண்டும். உள்ளே இறங்கும் குழாயின் நுனி தண்ணீருக்குள் 2 செ.மீ. மூழ்கியிருக்க வேண்டும். கணவாய் வளைவில் பாட்டில் சாய்ந்தால் நுனி வெளியே வந்து, வெளிக்காற்று நெஞ்சுக்குள் இழுக்கப்படும். அதனால் ஸ்ட்ரெச்சரின் பக்கக் கம்பியில் கட்டிவிடுங்கள். கூடவே பிரிக்காத சலைன் பாட்டில் ஒன்று எடுத்துப் போங்கள்; பாட்டில் உடைந்தால் டியூபின் முனையை உடனே அதற்குள் விட்டுவிடலாம். டியூபே நெஞ்சிலிருந்து கழன்று வந்துவிட்டால் துளையின் மேல் காஸ் துணி வைத்து மூன்று பக்கம் மட்டும் பிளாஸ்திரி ஒட்டவும். நாலாவது பக்கம் காற்று வெளியேற.

மூச்சுக்கு மூச்சு குழாயில் நீர்மட்டம் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். திடீரென்று நின்றால் முதலில் நோயாளியின் முதுகுக்கு அடியில் கை விட்டுப் பாருங்கள்; பெரும்பாலும் டியூப் மடங்கியிருக்கும், அல்லது அவரே அதன்மேல் படுத்திருப்பார். ரத்தக்கட்டியும் அடைத்திருக்கலாம், நுரையீரல் முழுக்க விரிந்ததாலும் நிற்கலாம். அதை எக்ஸ்ரே சொல்லும். கட்டியை எடுக்கிறேன் என்று டியூபை விரலால் இறுக்கி உருவும் பழைய வழக்கத்தை விட்டுவிடலாம்: உள்ளே உறிஞ்சும் அழுத்தம் தாறுமாறாகக் கூடி நுரையீரலைக் காயப்படுத்தும்.

புறப்படும்போது பாட்டிலில் பிளாஸ்திரி ஒட்டி மட்டத்தில் கோடு போட்டு நேரம் எழுதுங்கள். மணிக்கு 200 மி.லி. ரத்தம் தொடர்ந்து வடிந்தால் அறுவை சிகிச்சை டாக்டருக்கு உடனே சொல்ல வேண்டும். நிறைய வந்துகொண்டிருந்தது சட்டென்று நின்றாலும் நிம்மதி வேண்டாம், அடைப்பாக இருக்கலாம்.

மாற்றல் சீட்டில் டியூப் பற்றி எழுத இப்போது ஒரு வரிகூட இருப்பதில்லை. நீர்மட்டம் ஆடுகிறதா, குமிழி உண்டா, இதுவரை எத்தனை மி.லி., கடைசி வலி ஊசி எத்தனை மணிக்கு: இந்த நான்கையும் சீட்டில் சேர்க்கும்படி தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்ட மருத்துவ அதிகாரிகளையும் கேட்டுக்கொள்கிறோம்.

அறுவை சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்கள் சிலர்,
தருமபுரி.