வார்டோவிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

போன கிழமை கதைத்தபோது அம்மா அழுதது இன்னும் மனதுக்குள் கிடக்கிறது. அங்கே சூரியனே வராதாம், பிள்ளை குளிரில் விறைத்துப் போவான் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். பாதி உண்மை, பாதி பொய். இதை அம்மாவுக்கு ஆறுதலாக வாசித்துக் காட்டுங்கள்.

வார்டோ ஒரு சின்னத் தீவு, நோர்வேயின் கிழக்குக் கடைசிப் பட்டணம். தெற்கேயிருந்து வருகிற சூடான நீரோட்டத்தால் கடல் மாரியிலும் உறையாது, வள்ளங்கள் போய்வரும். காற்றுத்தான் சரியான கரைச்சல். மெய்யான குளிர் கடலை விட்டு உள்ளே, கராஷோக் என்கிற ஊர்ப் பக்கம். 1886 ஜனவரி 1ஆம் திகதி அங்கே மைனஸ் 51.4 பாகை, அதற்குக் கீழே இந்த நாட்டில் இன்றுவரை போனதில்லை.

இருட்டு உண்மைதான். நவம்பர் கடைசியில் மறைகிற சூரியன் ஜனவரி 20 வாக்கில்தான் திரும்ப வரும். ஆனால் மத்தியானத்தில் கொஞ்ச நேரம் வானம் நீலமாக வெளிக்கும். தைப்பொங்கலன்று சூரியன் இல்லாவிட்டாலும் நாங்கள் இங்குள்ள தமிழ்ச் சனமெல்லாம் சேர்ந்து பொங்கித்தான் படைத்தோம். பிறகு கொஞ்ச நாளில், சூரியனின் முழு வட்டமும் முதல்முறை தெரிந்தபோது கோட்டையில் பீரங்கி வெடித்தார்கள், பள்ளிக்கூடத்துக்கும் லீவு. ஆலையில் மீன் வெட்டிக்கொண்டு நின்ற நாங்கள் கத்தியை வைத்துவிட்டு வெளியே ஓடினோம், கும்பிட்டேன் அக்கா, கண் கலங்கிவிட்டது.

மீன் என்றால் கொட் மீன்தான். உப்பே போடாமல் மரப்பந்தலில் சோடி சோடியாகத் தொங்க விடுவார்கள், குளிரில் இலையானும் வராது, காற்றே காய வைத்துவிடும். நம்ம ஊர்க் கருவாட்டை விட இறுக்கம்.

உடன் வேலை செய்கிற ஒருவர் சாமி இனத்தவர், இந்த நிலத்தின் பூர்வீக மக்கள் அவர்கள். கராஷோக்குக்குப் பக்கத்தில் தன் சொந்தக்காரரின் ரெயின்டீர் மந்தையைக் காட்டக் கூட்டிப்போனார். மான்கள் நடக்கும்போது காலுக்குள் தசைநார் 'டிக் டிக்' என்று அடிக்கும், மந்தை நெருங்கி வந்தால் அந்தச் சத்தம்தான் முதலில் கேட்கும். பெண் மான்களுக்கும் கொம்பு உண்டு. குளம்பால் பனியைத் தோண்டி அடியில் கிடக்கிற கற்பாசியைத் தின்னும். ஒவ்வொரு உரிமையாளருக்கும் மானின் காதில் ஒரு வெட்டு அடையாளம், அதைப் பார்த்தே யாருடையது என்று சொல்லிவிடுவார்கள். மந்தைக்காரப் பெரியவர் காலில் மான் தோல் சப்பாத்து, உள்ளே சொக்ஸுக்குப் பதில் காய்ந்த புல் அடைத்திருந்தார், எனக்கும் ஒரு சோடி தந்தார், என் விலை கூடின பூட்ஸை விடச் சூடு! ஆனால் அவர் முகத்தில் கவலைதான் அதிகம். இப்போதெல்லாம் நடுமாரியில் மழை பெய்து, அது உறைந்து பாசியை மூடிவிடுகிறதாம். குளம்பால் உடைக்க முடியாமல் மான்கள் பட்டினி கிடக்கும், காசு கொடுத்துத் தீனி வாங்க வேண்டும். நாங்கள் குளிருக்குப் பயப்படுகிறோம், அவர்கள் குளிர் குறைவதற்குப் பயப்படுகிறார்கள்.

சின்னவன் கேட்ட வெள்ளைக் கரடி இங்கே இல்லை, அது இன்னும் வடக்கே கடல் தாண்டி ஸ்வால்பார்ட் தீவுகளில். நாய்வண்டிப் பந்தயம் உண்டு என்று சொல்லுங்கள், மார்ச்சில் ஆல்டாவில் தொடங்கி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பனிவெளியில் ஓடும், நாய்களின் பாதத்துக்குத் துணியில் சப்பாத்து வேறு. அடுத்த முறை லீவு எடுத்துப் பார்க்கப் போகிறேன்.

சரி, அம்மாவின் பாஸ்போர்ட்டைக் கெதியாகப் புதுப்பியுங்கள். ஜூனில் வந்தால் நடுச்சாமத்திலும் வெயில், எதிரே ஹோர்னோயா தீவில் பஃபின் பறவைகளையும் காட்டலாம். வரும்போது ஒடியல் மா மறக்க வேண்டாம்.

அன்புடன்,
தம்பி