கன்று விற்பவரிடம் எதைக் கேட்பது

பொள்ளாச்சி

அன்புக் கண்ணு,

பாலக்காட்டில் உங்கள் ஆஸ்பத்திரிக்கு செப்சிஸை (தொற்று முற்றி உடல் உறுப்புகளையே பாதிக்கும் ஆபத்தான நிலை) முன்கூட்டியே சொல்லும் ஏஐ மென்பொருளைக் காட்டியிருக்கிறார்கள், விற்கிறவர்கள் பேச்சை நம்பலாமா என்று கேட்டிருந்தாய்.

தென்னங்கன்று விற்பவரிடம் குழி எத்தனை அடி என்று கேட்டால் சரியாகவே சொல்வார். அவர் கன்றில் வாடல் நோய் உண்டா என்று அவரையே கேட்கக் கூடாது. மென்பொருளை எப்படிப் பொருத்துவது, எந்த சர்வர் வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் வாயால் வரட்டும். எத்தனை பேரைக் கண்டுபிடிக்கும் என்பதை நீங்கள்தான் அளக்க வேண்டும்.

அமெரிக்காவில் எபிக் நிறுவனத்தின் செப்சிஸ் மென்பொருளுக்கு நோய் உள்ளவரையும் இல்லாதவரையும் பிரித்தறிவதில் அந்தக் கம்பெனியே சொன்ன மதிப்பெண் 0.76 முதல் 0.83. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனை நோயாளிகளை வைத்து வெளியாட்கள் அளந்து 2021-இல் வெளியிட்டபோது 0.63 வந்தது. 1 என்றால் முழுச் சரி, 0.5 என்றால் காசு சுண்டிப் போடுவதற்குச் சமம். செப்சிஸ் வந்தவர்களில் 67 சதவீதம் பேரை அது கோட்டை விட்டிருந்தது. டாக்டர் ஆன்டிபயாட்டிக் எழுதியதையும் அது ஒரு அடையாளமாக எடுத்துக்கொண்டது. டாக்டரே சந்தேகப்பட்ட பிறகு மணி அடித்து யாருக்கு என்ன லாபம்?

'துல்லியம் 90 சதவீதம்' என்றால் மயங்காதே. 1,000 பேரில் 50 பேருக்கு நோய் என்று வை. 40 பேரைப் பிடித்து, நோயில்லாத 950 பேரில் 95 பேருக்கு வீணாக மணி அடித்தால் துல்லியம் 89.5. 135 மணியில் 40தான் நிஜம். யாருக்குமே நோயில்லை என்று சும்மா சொல்லும் மென்பொருளுக்கு 95 சதவீதம் வந்துவிடும்!

போன வருடக் கேஸ்களில் 500 எடு. அதில் குறைந்தது 50 உறுதியான செப்சிஸாக இருக்கட்டும். பெயர், முகவரியை நீக்கிவிடு. நோய் தெரிவதற்கு ஆறு மணி நேரம் முன்புவரை இருந்த தகவலை மட்டும் கொடு. பிந்தைய லேப் ரிசல்ட் கலந்தால் விடையைக் காட்டிப் பரீட்சை வைத்த கதைதான். அட்டப்பாடி மலைப்பகுதியிலிருந்து வரும் சிக்கிள் செல் (பரம்பரையாக வரும் ரத்த நோய்) நோயாளிகளைத் தனியாக எண்ணு. அவர்களுக்கு ஹீமோகுளோபின் எப்போதுமே குறைவு, வேறு ஊர்க் கணக்கில் பழகியது அங்கேதான் தடுமாறும். இந்த 500-இல் நோயாளிகள் வழக்கத்தைவிட அதிகம், அதனால் வீண் மணி எத்தனை என்பது இதில் தெரியாது. அதற்கு ஆறு வாரம் வார்டில் யாருக்கும் மணி கேட்காமல் பின்னணியில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

பிரசுரத்தை விட்டுவிட்டு, பயன்பாட்டுக் கையேட்டில் 'இதற்குப் பயன்படுத்தக் கூடாது' என்ற பகுதியைப் படி. வியாபாரத்துக்கு எதிராக அவர்களே எழுதியது, அது நம்பத் தக்கது.

லாபம் இல்லாதவர் சொன்னால் சரியாகிவிடும் என்றும் இல்லை, கண்ணு. ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயைச் சொல்லும் ரேடியாலஜிஸ்ட் படிப்பை இப்போதே நிறுத்தலாம் என்று ஏஐ முன்னோடி ஜெஃப்ரி ஹின்டன் 2016-இல் சொன்னார். அவர் ஸ்கேன் மென்பொருள் விற்கிறவர் இல்லை. ரேடியாலஜிஸ்டுகளுக்கு இன்றும் வேலை குறையவில்லை.

மென்பொருளை அவர்கள் மாற்றும்போதெல்லாம் மறுபடி சோதிக்கும் உரிமை உங்களுக்கு இருப்பதாக ஒப்பந்தத்தில் எழுதி வாங்கு. கையெழுத்துக்கு முன் நகலை அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அப்பா