முதல் சுடரை அம்மாக்களிடம் விடுங்கள்

மதிப்புக்குரிய தமிழ்க் கட்சித் தலைவர்களுக்கு,

செப்டம்பர் 26 மறுபடியும் வருகிறது. 1987இல் யாழ்ப்பாணம் நல்லூரில் பன்னிரண்டு நாள் உண்ணாவிரதமிருந்து உயிர்விட்ட புலிகள் இயக்கத்துத் திலீபனுக்கு, அவர் நினைவுநாளில் யார் முதல் சுடர் ஏற்றுவது என்ற இழுபறியை இந்த முறையாவது விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

போன வருடம் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அம்மா ஒருவரைக் கூட்டி வந்தேன். வயது எழுபத்தெட்டு. இரண்டு பிள்ளைகளைப் போரில் இழந்தவர். "வெள்ளனப் போனால் முன்னுக்கு நிக்கலாம்" என்று எட்டு மணிக்கே வந்து வெயிலில் நின்றார். பத்தரைக்கு உங்கள் ஆட்கள் வந்தார்கள், கமராக்கள் வந்தன. எந்தக் கட்சி ஏற்றுவது என்று வாக்குவாதம், அப்புறம் தள்ளுமுள்ளு. அம்மா வீதி ஓரத்துக்கே தள்ளப்பட்டுவிட்டார். திலீபன் கண்மூடிய 10.48 உங்கள் சத்தத்திலேயே போய்விட்டது. துணிப்பையில் கொண்டுவந்த செவ்வரத்தம்பூவை அவர் வாடியபடியே வீட்டுக்குக் கொண்டுபோனார். பஸ்ஸில் ஒரு சொல் பேசவில்லை.

1987இல் அந்தப் பன்னிரண்டு நாளும் நல்லூருக்கு நடந்து வந்தவர் அவர். தண்ணீர்கூடத் தொடாத 23 வயதுப் பிள்ளைக்கு நாவறண்டு பேச்சுக் குழறியதைக் கண்ணால் கண்டவர். 1986இல் டெலோ என்ற இன்னொரு தமிழ் இயக்கத்து இளைஞர்களைப் புலிகள் கொன்றதைக் கடைசிவரை மன்னிக்காத அவருடைய தமையனும் அங்கே வந்து அழுதாராம். அப்படிப்பட்டவருக்கும் அன்று அந்த வீதியில் இடம் இருந்தது. இன்று நீங்கள் அதே இடத்தில் ஒருவரையொருவர் துரோகி என்று கத்துகிறீர்கள்.

2020இல் இந்த நினைவேந்தலுக்கு நீதிமன்றத் தடை வந்தது. 2023இல் திருகோணமலையில் திலீபனின் படம் தாங்கிய ஊர்தியை ஒரு கும்பல் தாக்கியது. இவ்வளவையும் தாண்டி வருகிற சனத்தை நீங்களே தள்ளிவிடலாமா?

அரசியல் கைதிகளை விடுவிப்பது உண்ணாவிரதத்தில் திலீபன் வைத்த ஐந்து கோரிக்கைகளில் ஒன்று. 2015இலும் 2018இலும் கைதிகள் தாங்களே சிறைக்குள் உணவை மறுத்துக் கிடந்தார்கள். அவர்களுக்காக நீங்கள் இப்படி முண்டியடித்து நான் பார்த்ததில்லை.

சரி, கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான். பிள்ளையை இழந்த அம்மாக்களில் மூத்தவர் ஒருவர் முதல் சுடரை ஏற்றட்டும். நீங்கள் பின்னால், சனத்தோடு நில்லுங்கள். கட்சிக் கொடி வேண்டாம். முடிந்தால் அவர்களுக்கு நிழலும் நாலு கதிரையும் போட்டுக் கொடுங்கள்.

"இந்த வருசமும் போவமோ பிள்ளை?" என்று அம்மா நேற்றுக் கேட்டார். உங்கள் பதில் தெரிந்த பிறகு சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

இப்படிக்கு,
கோண்டாவிலிலிருந்து ஒருத்தி