பெயர் யார் கையில் இருக்க வேண்டும்?

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மாமியின் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது என்று வாசித்ததும் வீட்டில் எல்லோருக்கும் ஆறுதலாக இருந்தது. இங்கே மாரி மழை தொடங்கிவிட்டது. கல்லடியில் ஒழுங்கைகள் எல்லாம் தண்ணீர். மூத்தவள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். மற்றபடி சுகம்.

கடிதம் எழுதவும் கணக்குத் தாள் போடவும் நாம் உருவாக்கும் அலுவலகச் செயலிக்கு நீ அனுப்பிய மூன்று பெயர்களையும் குழுவில் எல்லோருக்கும் காட்டினேன். 'தேனாடு ஆபிஸ்' என்றதும் மட்டக்களப்புப் பிள்ளைகளின் முகம் மலர்ந்துவிட்டது. டொராண்டோவில் இருந்துகொண்டு அந்தப் பெயரை நினைக்கும்போது உனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று எனக்கும் விளங்குகிறது. ஆனால் அக்கரைப்பற்றிலிருந்து வந்த தம்பி ஒன்றும் பேசவில்லை. இந்தச் செயலியில் கூட்டுறவுச் சங்கக் கணக்குத் தாள்களை உருவாக்கியவர்களில் பாதிப் பேர் அவனைப்போல அம்பாறை மாவட்டத்தார்; கல்முனை, சம்மாந்துறைப் பக்கத்துப் பிள்ளைகள். மட்டக்களப்பை மட்டும் கொண்டாடும் பெயரை அவர்கள் தங்கள் பெயராக எப்படி எடுத்துக்கொள்வார்கள்? 'திறந்த அலுவலகம்' வேண்டவே வேண்டாம். ஓப்பன்ஆபிஸ் என்ற இலவச அலுவலகச் செயலியின் தமிழ்ப் பதிப்பு என்றே எல்லோரும் நினைப்பார்கள்.

மூன்றாவதான 'வாவி' எனக்குப் பிடித்திருக்கிறது. நம் மட்டக்களப்பு வாவிதான். ஏறாவூர்ப் பக்கம் தொடங்கித் தெற்கே அம்பாறை மாவட்டம் வரைக்கும் நீளும் தண்ணீர் அது; இரண்டு மாவட்டமும், தமிழர் முஸ்லிம்கள் இருவரும் தமது என்று சொல்லலாம். சிறிய பெயர், வாயில் நிற்கும். ஒரு குறை உண்டு: தேடுபொறியில் போட்டால் வாவிக்கரை விடுதிகள்தான் முதலில் வரும். 'வாவி எழுதி', 'வாவி கணக்கு' என்று ஒவ்வொரு செயலிக்கும் துணைப்பெயர் வைத்தால் அது சரியாகிவிடும்.

பெயரை விட என்னை அதிகம் யோசிக்க வைப்பது வேறு. அந்தப் பெயர் யாருக்குச் சொந்தமாக இருக்கும்? ஓப்பன்ஆபிஸின் கதை உனக்குத் தெரியும். 1999இல் சன் நிறுவனம் ஸ்டார் ஆபிஸ் என்ற அலுவலகச் செயலியை வாங்கி, 2000இல் அதன் மூலநிரலைத் திறந்துவிட்டது. 'ஓப்பன் ஆபிஸ்' என்ற பெயர் ஏற்கெனவே வேறொருவர் வசம் இருந்ததால் வாலில் 'டாட் ஆர்க்' ஒட்டவேண்டியதாயிற்று. பிரேசிலில் அதுவும் சரிவராமல் 'பிஆர்ஆபிஸ்' ஆனது. 2010இல் ஆரக்கிள் நிறுவனம் சன்னை வாங்கியது. அந்த ஆண்டு செப்டம்பர் 28ஆம் திகதி ஓப்பன்ஆபிஸில் உழைத்த தன்னார்வலர்கள் ஆவண அறக்கட்டளை என்ற அமைப்பைத் தொடங்கியபோது, பழைய பெயரை எங்களுக்குத் தாருங்கள் என்று ஆரக்கிளிடம் கேட்டார்கள். லிப்ரே ஆபிஸ் என்பது அதுவரைக்கும் வைத்த தற்காலிகப் பெயர். ஆரக்கிள் கொடுக்கவில்லை, அடுத்த ஆண்டு அப்பாச்சி அறக்கட்டளையிடம் கொடுத்தது. பத்து வருட உழைப்பில் சம்பாதித்த நம்பிக்கை முழுவதும் ஒட்டியிருந்த பெயரை விட்டுவிட்டு, நிரலை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த மனிதர்கள் வெளியே போனார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது.

நாம் லிப்ரே ஆபிஸின் நிரலின் மேல்தான் கட்டியிருக்கிறோம். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கடிதங்களை யூனிகோடுக்கு மாற்றும் வசதி, பாடசாலைக் கடித வார்ப்புருக்கள் எல்லாம் சேர்த்திருக்கிறோம். நிரலைத் திருத்த அதன் உரிமமான மொசில்லா பொது உரிமம் அனுமதிக்கிறது. பெயரையும் சின்னத்தையும் அது தருவதில்லை. ஆகவே நமக்கென்று ஒரு பெயர் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் காணி வாங்குகிறவன் உறுதி யார் பெயரில் என்று கேட்காமல் வேலி அடைப்பானா? ஈதீரியல் என்ற மென்பொருளை எழுதிய ஜெரால்ட் கோம்ப்ஸ் 2006இல் வேலை மாறினார். பெயர் பழைய நிறுவனத்திடம் இருந்ததால் தன் மென்பொருளுக்கே வயர்ஷார்க் என்று புதுப் பெயர் வைக்கவேண்டி வந்தது. எழுதியவருக்கே அந்த நிலை.

உன் பெயரில் பதிந்துவிடலாம், செலவையும் நீயே ஏற்பாய் என்று எழுதியிருந்தாய். உன் மனதை நான் அறிவேன். உன்மேல் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அது வேண்டாம். நாளை நீயோ நானோ இல்லாமல் போனால் இந்தப் பிள்ளைகள் யாரிடம் போய்க் கேட்பார்கள்? முதலில் ஒரு சங்கமாகப் பதிந்துகொள்வோம். இரண்டு மாவட்டத்தாரும் நிர்வாகத்தில் இருக்கட்டும். பிறகு அந்தச் சங்கத்தின் பெயரில் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வர்த்தகச் சின்னத்துக்கு விண்ணப்பிப்போம். பதிவு பத்து ஆண்டுக்குச் செல்லும், புதுப்பிக்கலாம். அதற்கு முன் வேறு யாராவது 'வாவி'யை வைத்திருக்கிறார்களா என்று தேடிப் பார்க்கவேண்டும். ஃபயர்ஃபாக்ஸ்கூட ஃபீனிக்ஸ், ஃபயர்பேர்ட் என்று இரண்டு பெயர்களை இழந்துதான் இந்தப் பெயருக்கு வந்தது.

ஆங்கில எழுத்தில் 'வா'வுக்கு ஒற்றை ஏயா, இரட்டை ஏயா என்று இங்கே இன்னும் சண்டை நடக்கிறது. நான் இரட்டை ஏயின் பக்கம். சனிக்கிழமை காத்தான்குடியில் கூடுகிறோம். அதற்குள் உன் முடிவை எழுது. சங்க யாப்பின் முதல் வரைவை இத்துடன் அனுப்புகிறேன். பெயரைக் கைமாற்றுவது பற்றிய பிரிவை மட்டும் கவனமாகப் பார்.

அன்புடன்,
உன் மச்சான்
கல்லடி